சங்கத்துப் பானையில் பன்னிரண்டு சுண்டு அரிசி

நாலாம் நம்பர் வீடு,
மேல் பிரிவு லயம்,
டயகம.

கட்டார் தேசத்தில் குளிரூட்டிய அறையில் நலமோடு இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருக்கும் என் மூத்த சகோதரி கேஷிகா அக்காவுக்கு, தம்பி துஷாந்த் எழுதுவது.

இங்கே அம்மாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். மற்றவர்கள் கடிதத்தில் இதை மரியாதைக்காக எழுதுவார்கள். நான் தகவலாக எழுதுகிறேன். அன்றைக்கு நீ போனில் அழுது முடித்துவிட்டு, "என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி விடாம எழுதி அனுப்புடா" என்று திட்டினாய். வாயால் சொன்னால் வரிக்கு வரி குறுக்கே விழுவாய் என்பதால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஒரு மாதம் ஏன் பிந்தியது என்று கேட்காதே. மீட்டர் வாசிப்பு கைக்கு வராமல் அறிக்கை எழுதுவது நான் படித்த படிப்புக்கு அழகில்லை.

ஆரம்பத்திலிருந்து வருகிறேன். அம்மாவின் நெஞ்சைப் பார்த்த டாக்டர், விறகுப் புகை இனி ஆகவே ஆகாது, இதே புகையை இன்னும் இரண்டு வருடம் குடித்தால் மலை ஏறித் தேயிலைக் கொழுந்து எடுப்பது இருக்கட்டும், வீட்டு வாசற்படி ஏறவும் மூச்சு வராது என்று சொன்னார் அல்லவா. அதற்காகத்தான் நீ பணம் அனுப்பினாய், நானும் ஹட்டனுக்குப் போய் இக்ராம் நானா கடையில் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று வாங்கிவந்தேன், அவரும் அன்பளிப்பாக ஒரு சின்னச் சட்டி கொடுத்தார். முதல் மாத பில் வந்தது. எழுபத்தொரு யூனிட். வழக்கமாக நம் வீடு முப்பதைத் தாண்டாது என்பது உனக்குத் தெரியும், அறுபதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை ஏறிவிடும் என்பதும் தெரியும். அம்மா பில்லைத் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த மாசமும் அறுபதத் தாண்டுச்சுன்னா இந்தக் கண்ணாடி அடுப்ப அடுத்த வீட்டு ராசம்மா மகளுக்கு சீதனமாக் குடுத்துட்டு நான் என் வெறகுக்கே போறேன். இருமினாலும் என் காசுல இருமிக்கிறேன்." அம்மா சொன்னால் செய்வார். விறகையும் அடுக்கி வைத்துவிட்டார். ஆக எனக்கு ஒரு மாதம்தான் தவணை. அறுபதுக்குள் நின்றால் அம்மாவின் நெஞ்சு பிழைக்கும். இதில் என்னைக் குழப்பிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அடுப்பு வந்து ஒரு மாதமாகியும் அம்மாவின் இருமல் ஒரு துளியும் குறையவில்லை. நாள் எடுக்கும் என்று நினைத்து நான் மீட்டரைக் கவனிக்கப் போய்விட்டேன்.

எழுபத்தொன்று எப்படி வந்தது என்று ஒரு காலை லீவு போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவின் சோற்றுப் பானை அலுமினியம், அது இந்த அடுப்பில் சூடேறாது. அம்மா என்ன செய்திருக்கிறார் தெரியுமா, இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, அதன் மேல் அலுமினியப் பானையை ஏற்றி, கல் காய்ந்து அந்தச் சூட்டில் பானை காய்ந்து சோறு வேகும்வரை ஒன்றேகால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார், மூடியும் போடவில்லை. "அம்மா, இது இண்டக்‌ஷன் இல்ல, கல்லுக்கு ஒத்தடம்" என்றேன். "வெந்துச்சா இல்லியா?" என்றார். வெந்தது, மறுக்க முடியாது. மூடி போட்டால் பாதி மின்சாரம் மிச்சம் என்றேன். "மூடி வச்சா வெந்துச்சான்னு எப்பிடித் தெரியும்?" "நேரத்த வச்சுத் தெரியும்." "நேரம் வெந்துரும், சோறு வேகணும்ல?" இந்த அறிவைத்தான் நான் எதிர்கொண்டேன். சரி என்று சுவரில் ஒரு தாள் ஒட்டினேன்: அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரம் ஊறவை, தட்டையான அடியுள்ள பாத்திரம் எடு, தண்ணீரை அளந்து ஊற்று, மூடு, கொதிக்கும்வரை கூட்டி வை, கொதித்ததும் குறை, வேக ஐந்து நிமிடம் இருக்கும்போதே நிறுத்து, மிச்சத்தைப் பானைச் சூடே பார்த்துக்கொள்ளும். பிளக்குக்கும் அடுப்புக்கும் நடுவே யூனிட் காட்டும் ஒரு சின்ன மீட்டரையும் செருகினேன். இக்ராம் நானாவின் அன்பளிப்புச் சட்டியில் எல்லா விதியும் தவறாமல் நானே இரண்டு பேருக்குச் சோறாக்கியபோது காட்டியது தசம் இரண்டு ஒன்பது யூனிட். இதற்குக் கீழே எந்தப் பொறியியலாளனும் இறக்க முடியாது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அந்தச் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு, காக்காவுக்கா?" என்றார்.

பெரிய பாத்திரம் வேண்டும், காந்தம் ஒட்டுகிற அடி வேண்டும். பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்துக் காந்தத்தை எடுத்துக்கொண்டு லயத்து ஆறு வீட்டுப் பாத்திரங்களையும் சோதிக்கக் கிளம்பினேன். ராசம்மா அக்கா வாசலில் நின்று, "என்னா தம்பி, பானைக்குப் பிரசர் பாக்குறீங்களா, எங்க குண்டானுக்குக் கொஞ்ச நாளா தலசுத்து" என்றார். இருந்த பானைகளில் ஒன்றிலும் ஒட்டவில்லை. கடைசியில் ஒட்டிய ஒரே பாத்திரம், அதுவும் ஒட்டிய காந்தத்தை இரண்டு கையாலும் பிடுங்க வேண்டிய அளவுக்கு ஒட்டியது, மரண உதவிச் சங்கத்தின் எவர்சில்வர் பானை. சங்க அறை ஜன்னல் கம்பி வழியாகக் கையைவிட்டுத்தான் சோதித்தேன். தட்டை அடி, கனத்த மூடி. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆசை சிலருக்கு மோட்டார் சைக்கிளைப் பார்த்தால் வரும்.

இனி நடந்ததற்கெல்லாம் நானே பொறுப்பு என்று நீ சொல்வாய். பாதிப் பொறுப்பை ஏற்கிறேன். அந்தப் பானை சாவு வீட்டுக்குத் தவிர வெளியே இறங்காது என்பது எனக்கும் தெரியும். ஒரு காலை பரிசோதித்துவிட்டு, சரி என்றால் அதே மாதிரி ஒன்று ஹட்டனில் வாங்குவதுதான் என் திட்டம். சங்கச் செயலாளர் சின்னராசா அண்ணனிடம் கேட்கக் காலை ஐந்தரைக்கே போனேன், அவர் பீலித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார், அவர் குளிக்கிற குளியல் உனக்குத் தெரியும், காத்திருந்தால் எட்டு மணி பஸ்ஸுக்கு முன் சோதனை முடியாது. சங்க அறைச் சாவி ஆணியில்தான் தொங்கியது. எடுத்தேன், திறந்தேன், ஆனால் திருடனில்லை என்பதால் புத்தகத்தில் முறைப்படி பதிந்தேன்: திகதி, பானை ஒன்று, மூடி ஒன்று, வீடு நாலாம் நம்பர். "இறந்தவர் பெயர்" என்று ஒரு கட்டம் இருந்தது, அது எனக்குப் பொருந்தாது என்று காலியாக விட்டேன். ஒரு கட்டத்தைக் காலியாக விடக்கூடாது, கோடாவது கிழிக்க வேண்டும் என்று படிக்கும்போது ஆயிரம் தடவை சொல்லித் தந்தார்கள். சின்னராசா அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். பையன் துக்கத்தில் பெயரெழுத மறந்துவிட்டான் என்று, பாவம், தன் நல்ல கையெழுத்தில் அவரே அம்மாவின் பெயரை "காளியாயி" என்று நிரப்பிவிட்டு, சங்கத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். உனக்கு வந்தது அதுதான்.

நானோ பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு லயத்து முன்பக்கமாக நடந்து வந்தேன். அது பெண்கள் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிற நேரம். என் தலை பானைக்குள் இருந்ததால் யார் யார் பார்த்தார்கள் என்று தெரியாது. முதல் நாள் இருமல் கூடி அம்மா வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். இருமிய வீட்டுக்குச் சங்கத்துப் பானை போகிறது. கூட்டிக் கழிக்க இதற்கு மேல் என்ன வேண்டும். பெரட்டுக்களத்தில் கங்காணி நாகலெட்சுமி அக்கா அம்மாவின் பெயரைக் கூப்பிடவே இல்லையாம், பெயருக்கு நேராக விரலை வைத்துக்கொண்டு நின்றாராம். நம் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள். சாவு விழுந்தால் பிணம் வெளியேறும்வரை லயத்தில் அடுப்பெரியக் கூடாது, அது நம் வழக்கம். ஆகவே வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொருவரும் எரிகிற விறகில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, சங்க விதிப்படி வீட்டுக்கு இரண்டு சுண்டு அரிசி அளந்து எடுத்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார்கள்.

நான் உள்ளே பானையின் அடியை அளந்துகொண்டிருந்தேன். அம்மா வாசற்படியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். ராசம்மா அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வர, பின்னால் இன்னும் பலர் தலைகுனிந்து வர, அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். யாரோ போய்விட்டார்கள் என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. யார் என்று கேட்பதற்குள் ராசம்மா அக்கா கண்ணை மூடிக்கொண்டு "ஏ மவராசி" என்று ஆரம்பித்து, எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்காமலே கட்டிப்பிடித்துவிட்டார். அம்மாவும் முறைப்படி தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். அக்கா, நான் பொய் சொல்லவில்லை, மூன்று நிமிடம், இறந்தவர் உட்பட எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். அம்மாதான் நன்றாக அழுதார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "யாருடி போனது?" என்று கேட்டார்.

ராசம்மா அக்கா அப்போதுதான் கண்ணைத் திறந்தார். "நீங்கதான்கா" என்றார்.

அம்மா ஒருமுறை தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டார். "எனக்கு யாரும் சொல்லவே இல்லியே" என்றார்.

அதற்குப் பிறகு என்னை நோக்கி வந்த சொற்களை இங்கே எழுதினால் உன் போன் தாங்காது. நாகலெட்சுமி அக்கா மட்டும் சத்தம் போடவில்லை. வேலை நேரத்தில் ஒரு லயத்தையே திருப்பிவிட்ட கங்காணியாக அவர் தோட்டத்துத் துரைக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. "சாவு வீட்டுக்கு வந்த அரிசி திரும்பிப் போகக் கூடாது" என்றார். "சாவே இல்லியேக்கா" என்றேன். "அரிசி வந்துருச்சுல்ல. அடுப்பையும் அணைச்சாச்சு. ஈர வெறக இனி யாரு ஊதுறது? பானை இருக்கு, ஒங்க கண்ணாடி அடுப்பு இருக்கு. ஆறு வீட்டுக்கும் நீங்களே ஆக்கிப் போடுங்க தம்பி. அப்பறமா மலைக்குப் போறோம்." நம் வீட்டு இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு சுண்டு அரிசி. கழுவி, ஊறவைத்து, தண்ணீர் அளந்து, மூடியைப் போட்டேன். மூடியைத் திறக்க வந்த மூன்று கைகளை நாகலெட்சுமி அக்கா கரண்டியால் தட்டிவிட்டார். கொதித்ததும் குறைத்தேன். ஐந்து நிமிடம் முன்னதாக நிறுத்தினேன். வெந்திருக்காது என்று ஆறு வீட்டுக்காரர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் பூப்போலச் சோறு.

நான் மீட்டரைப் பார்த்தேன். தசம் எட்டு இரண்டு. இருபத்திரண்டு பேருக்கு ஒரு யூனிட்கூட ஆகவில்லை. ஆறால் வகுத்தேன். வீட்டுக்குத் தசம் ஒன்று நாலு. இரண்டு பேருக்கு நான் எல்லா விதியும் காத்து ஆக்கி, இதற்குக் கீழே இறங்க முடியாது என்று மார்தட்டிய அளவில் பாதி. ஒரு பெரிய பானை ஆறு சின்னப் பானைகளைவிடக் குறைவாகவே சூட்டை வெளியே விடும் என்பது முதலாம் ஆண்டுப் பாடம். நான் பாடத்தைச் சரியாகத்தான் படித்திருந்தேன், ஒரு வீட்டுக்குள் நின்றுகொண்டு படித்துவிட்டேன்.

அக்கா, நான் எளிதில் அசருகிறவன் இல்லை. பயிற்சிக்காக எங்களை ஒரு நீர்மின் நிலையத்துக்குக் கூட்டிப்போனபோது மற்றவர்கள் எல்லாம் செல்பி எடுத்தார்கள், நான் அந்த டர்பைனைப் பார்த்து எண்ணெய் எப்போது மாற்றுவார்கள் என்று கேட்டேன். ஆனால் அன்றைக்குக் காலை நடந்த அடுத்ததை எப்படி எழுதுவது என்று இப்போதும் தெரியவில்லை. எல்லோரும் கதவோரமும் கட்டிலோரமுமாக உட்கார்ந்து சுடச்சுடச் சோறும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராசம்மா அக்கா கையில் எடுத்த உருண்டையோடு நிறுத்தி, "என்னாக்கா, நாங்க வந்ததுலருந்து ஒரு தடவகூட இருமலியே?" என்றார். அம்மாவும் யோசித்தார். "செத்தவ எப்பிடி இருமுவா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் மேலே பார்த்தேன்.

கூரை தெரிந்தது. நம் வீட்டுக் கூரையை நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. லயத்துச் சுவர் ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழம்தான், அதற்கு மேல் ஒன்றாம் நம்பரிலிருந்து ஆறாம் நம்பர் வரைக்கும் ஒரே கூரை, நடுவே ஒன்றுமில்லை. அந்த வழியாகத்தான் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வரும், சண்டை வரும், குறட்டை வரும். புகையும் வரும் என்பது மட்டும் இருபத்தாறு வருடமாக என் மண்டையில் ஏறவில்லை. காற்றோட்டம் என்று ஒரு பாடம் எழுதிச் சித்தியும் அடைந்திருக்கிறேன். ஒரு வீட்டு அடுப்பை மாற்றிவிட்டு, மற்ற ஐந்து வீட்டுப் புகையை அம்மாவுக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குச் சாவு என்று நினைத்து ஐந்து அடுப்பும் அணைந்திருந்தன. கூரைத் தகட்டில் ஒரு ஓட்டை இருந்தது. அது வழியாக வெயில் குச்சி மாதிரி இறங்கி, புகை கலக்காமல், அம்மாவின் சோற்றுத் தட்டில் விழுந்தது. மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் அம்மாவுக்குச் சத்தமில்லாமல் நடந்தது. அப்படி ஒரு சத்தமில்லாமையை நான் அந்த வீட்டில் கேட்டதில்லை. கணக்குப் போட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சும்மா நின்றேன்.

நாகலெட்சுமி அக்கா என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கையைக் கழுவிவிட்டு, "நாளைக்கும் அணைச்சே வைப்போம்" என்றார். "யாருக்கா சாகப்போறா?" என்றார் ராசம்மா அக்கா. "யாரும் சாக வேணாம். அரிசியக் கொண்டாங்க, போதும்."

அதுதான் இப்போது நடக்கிறது. காலை ஐந்து மணிக்குப் பெரட்டு, ஆனால் அரிசிக்கு. நாகலெட்சுமி அக்கா வீட்டு நம்பரைக் கூப்பிட, வீட்டுக்கு இரண்டு சுண்டு வந்து பானையில் விழும், பிந்தி வந்தால் மலையில் விழுகிற அதே ஏச்சு விழும். அடுப்பு ஒரு வீட்டில் நிற்பதில்லை, நாளுக்கொரு வீடாகச் சுற்றுகிறது, அதனால் ஒருவர் மீட்டரும் வீங்குவதில்லை. ஆறு வீட்டு வயரிங்கையும் நான் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் அனுமதித்தேன். சோறும் பருப்பும் பொது. கறியை மட்டும் அவரவர் சாயங்காலம் லயத்தை விட்டுத் தள்ளிப் போட்ட வெளிக்கூரையில் ஆக்கிக்கொள்கிறார்கள். மூடியைத் திறந்து பார்க்கிறவர் மறுநாள் பீலியிலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் தூக்க வேண்டும் என்று ஒரு சட்டம். இதுவரை தண்ணீர் தூக்கியவர் அம்மா மட்டும்தான், நான்கு தடவை. அந்தத் தூரம் குடத்தோடு மூச்சு வாங்காமல் நடந்தார். சங்கத்துப் பானையைச் சின்னராசா அண்ணன் திருப்பிக் கேட்டார், அதே மாதிரி ஒன்றை இக்ராம் நானாவிடம் வாங்கிக் கொடுத்துவிட்டோம். புத்தகத்தில் அம்மாவின் பெயரை மட்டும் அவர் வெட்ட மறுக்கிறார், பதிவேட்டில் வெட்டுக்கொத்து கூடாதாம், எதிரே "பிற்பாடு எழுந்தார்" என்று குறிப்பு எழுதியிருக்கிறார்.

நேற்று மீட்டர் வாசிப்பு வந்தது. நாற்பத்தேழு யூனிட். அம்மா விறகுக் கட்டைக் கொண்டுபோய் வெளிக்கூரையில் போட்டுவிட்டார். இருபத்தாறு நாளாக இருமல் இல்லை, நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அம்மாவின் ஆசியும், ராசம்மா அக்கா அன்றைக்கு உனக்காகவும் சேர்த்து அழுத அழுகையும், நாகலெட்சுமி அக்காவின் "நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு" என்ற கட்டளையும் உனக்கு வந்து சேரட்டும். உன் மேடத்துக்கும் வணக்கம் சொல். ஆகவே அம்மா பூரண சுகம். கவலைப்பட ஒன்றுமில்லை. தீபாவளிக்கு லீவு கேட்டு அலைந்து நீ வர வேண்டிய அவசியமும் இல்லை.

இங்ஙனம்,
உன் தம்பி
துஷாந்த்

பின்குறிப்பு: படம் பிடிப்பதற்கு முன் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழுத இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். முடித்ததும், "அந்தக் கடைசிய திருப்பி வாசி" என்றார். வாசித்தேன். "பூரண சொகம்னா போட்ருக்க?" "ஆமா, உண்மதானே." "அத வெட்டு." ஏன் என்றேன். "சொகமா இருக்கேன்னா அவ எதுக்குடா வரப்போறா? கொஞ்சம் இருமல் இருக்குன்னு போடு." தரவு அப்படிச் சொல்லவில்லை, இல்லாததை என்னால் எழுத முடியாது என்று சொன்னேன். அம்மா என் காதோரம் குனிந்தார். பிறகு இரண்டு தடவை இருமினார். ஆகவே மேலே எழுதியதில் ஒரு திருத்தம்: அம்மாவுக்கு இன்னும் இருமல் இருக்கிறது. நானே காதால் கேட்டேன்.